பக்கம் பதினான்கு: தட்டச்சுப் பிழை

அந்தச் சீட்டு என் பெருவிரல் அகலம்தான் இருக்கும். ஸ்டென்சிலில் அடித்து, சைக்ளோஸ்டைலில் உருட்டி, கத்தரியால் வெட்டி, கோந்து தடவி நாற்பது கையேடுகளில் ஒட்டினோம். அந்த நாற்பதில் ஒன்றுதான் இப்போது என்னிடம் மிச்சம். தாள் பழுத்துவிட்டது, கோந்து மஞ்சளாக ஊறி ஓரம் எழும்பி நிற்கிறது, ஆனால் எழுத்து மட்டும் அன்று அடித்தது போலவே தெளிவாக இருக்கிறது. ஒரே வரி. "தட்டச்சுப் பிழை: 'அழித்தல்' என்பதை 'நீக்குதல்' என்று படிக்கவும்." அதன் வலது மூலையில் என் பெயரின் முதலெழுத்துகள், திருத்தியவர் நான் என்பதற்காக. வீடு மாறியபோதெல்லாம் எத்தனையோ புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருக்கிறேன், இந்தக் கையேட்டை மட்டும் போட மனம் வரவில்லை. பாசத்தால் வைத்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம். அந்த ஒரு வரியில் ஒரு பொய் இருக்கிறது, அது என்னுடையது, சொல்லாமலே நாற்பது வருஷம் ஆகப்போகிறது.

எண்பதுகளின் நடுவில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் ஏலக்காயும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. முதலாளி தேனிப் பக்கத்துக்காரர். கிடங்கில் வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் இரண்டு மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள். அந்தத் தெருவிலேயே முதலில் கம்ப்யூட்டர் வாங்கியது தாம்தான் என்பதில் முதலாளிக்குத் தலைகால் புரியாத பெருமை. அதற்கென்று ஓர் அறை, அந்த அறைக்கு மட்டும் ஏசி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே இருக்க ஒருத்தி வேண்டுமே என்று, திருப்பூணித்துறையிலிருந்து பஸ்ஸும் படகும் ஏறி வரும் என்னை எடுத்தார்கள். மெட்ராஸில் கணக்கு படித்து, அங்கேயே ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்திருந்தேன். மிளகு மூட்டைகளின் விவரத்தை அதில் ஏற்றுவது ஒரு வேலை. மெஷினோடு வந்த தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து, கோப்பு என்றால் என்ன, அதை எப்படிச் சேமிப்பது, எப்படி எடுப்பது, வேண்டாததை எப்படிக் களைவது என்றெல்லாம் தமிழில் ஒரு கையேடு எழுதுவது இன்னொரு வேலை. "நம்ம ஆளுக நம்ம மொழியில படிச்சுக் கத்துக்கிடட்டும்மா, இங்கிலீஷைக் கண்டா பயந்து ஓடுறாங்க" என்றார் முதலாளி.

நான் எழுதுவதைத் தமிழ் டைப்ரைட்டரில் ஸ்டென்சில் அடித்துக் கொடுத்தவர் டைப்பிஸ்ட் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம், அப்பாவுக்கு நகராட்சியில் வேலை. கோயம்புத்தூரில் மாமா வீட்டில் தங்கித் தமிழ் டைப்ரைட்டிங் படித்து வந்தவர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மலையாளப் பத்திரிகையைக் கடகடவென்று படிப்பார், தமிழை மட்டும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் விரல் தட்டும்போது ஒரு புள்ளி தவறாது. ஸ்டென்சிலில் பிழை விழுந்தால் பூசுவதற்கு நகப்பூச்சு மாதிரி மணக்கும் ஒரு திரவம் இருக்கும், அந்தப் புட்டி அக்காவின் மேஜையில் மூடி இறுகிப்போய்த் திறக்கவே வராமல் கிடந்தது. அர்த்தம் புரியாததால்தான் பிழையில்லாமல் அடிக்கிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்று என் மனசில் அவர் 'அவள்'தான்.

ஓணத்துக்குள் இரண்டாவது மெஷின் ஒன்று வரும் என்றும், டைப் அடிக்கிற பொண்ணையே அதில் உட்கார வைத்துவிடலாம் என்றும் முதலாளி சொல்லியிருந்தார். டைப்ரைட்டருக்கு இனி எத்தனை நாள் என்பது அக்காவுக்குத் தெரியும். அதனால் தினமும் சாப்பாட்டு நேரத்தில் கார்பன் கறை போகக் கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்காருவார். ஃபிளாப்பியை இரண்டு விரலால் ஓரம் பிடித்து எடுப்பதில் தொடங்கி எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். மூவாயிரம் மூட்டைகளின் விவரத்தில் பாதிக்கு மேல் அவர் ஏற்றியதுதான். எந்தத் தோட்டம், என்ன ரகம், ஈரம் எவ்வளவு என்று மூட்டைக்கு ஒரு வரி. ஏற்றி முடித்ததும், அதுவரை மூட்டை விவரம் எழுதி வைத்திருந்த அட்டைச் சீட்டுகளை அடுப்புக்குப் போட்டுவிடச் சொன்னது நான். இனி எல்லாம் மெஷினில் இருக்கிறதே என்ற திமிர்.

இந்த இடத்தில் என் தமிழைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் பேசுவது பாலக்காட்டுத் தமிழ். அம்மா நாளுக்கு நாலு தடவையாவது "அந்தக் கெட்டை அழிச்சு வைடி" என்பாள். முடிச்சை அவிழ்த்து வை என்று அர்த்தம். மலையாளத்தில் அழிப்பது என்றால் அவிழ்ப்பது, அது எங்கள் தமிழிலும் வந்து ஒட்டிக்கொண்டது. மெட்ராஸ் ஹாஸ்டலுக்குப் போன முதல் வாரம், ஊரிலிருந்து வந்த சிப்ஸ் பொட்டலத்தைக் காட்டி, "இதைக் கொஞ்சம் அழிச்சுத் தாயேன்" என்று அறைத்தோழியிடம் சொன்னேன். அவள் பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்று தொடங்கிய சிரிப்பு அந்த வருஷம் முழுக்க ஓடியது. எனக்கு 'அழிவு' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். மூன்று வருஷத்தில் அவர்களே மலைக்கும் அளவுக்கு என் தமிழைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். கையேட்டில் கோப்பைத் திறப்பதற்கு நான் வைத்த சொல் 'வருவித்தல்'. அதை எழுதியபோது பேனாவை மூடி வைத்து இரண்டு நிமிஷம் ரசித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பதினான்காம் பக்கத்தின் தலைப்பு 'கோப்பினை அழித்தல்'. நான் கொடுத்த கையெழுத்துப் பிரதியில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் பொடியாக எழுதிக்கொண்டு அக்கா வந்தார். "கெட்டழிக்கலா, மாய்க்கலா?" என்று எழுதியிருந்தது.

"குட்டி, ஒரு சம்சயம்" என்றார். தனியாக இருக்கும்போது என்னைக் குட்டி என்பார், நாலு பேர் முன்னால் மேடம். "இங்க அழிக்கறதுன்னா கெட்டு அழிக்கறதுன்னுதானே ஆளுக நெனைக்கும்? கிடங்குல உள்ளவங்க ஃபைலை அழின்னா நாடாவை அழிச்சுத் தொறக்கும். ஸ்லேட்டை மாய்க்கறோமே, அதுபோல மாய்க்கறதுன்னு போட்டா போதாதா?"

அவர் சொன்னது முழுக்கச் சரி என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அதனால்தான் கோபம் வந்தது. ஹாஸ்டல் சிரிப்பு ஏசி அறைக்குள் வந்து மறுபடி கேட்டது மாதிரி இருந்தது. "அக்கா, அது மலையாளம். தமிழ்ல மாய்க்கறதுன்னா உயிரை மாய்க்கறது. எழுதினதை எழுதினபடி அடிச்சாப் போதும்" என்றேன். சொல்லும்போது திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் சரி என்று தலையசைத்துவிட்டுப் போய் எழுதினபடி அடித்தார்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில் நான் வர நேரமாகிவிட்டது. எறணாகுளம் ஜெட்டியில் போட் கிளம்பத் தாமதம். அதற்குள் கிடங்குக் குமாஸ்தா, எல்லோரும் சேட்டன் என்று கூப்பிடும் பெரியவர், ஒரு மூட்டையின் ரகத்தைப் பார்க்கக் கையேட்டோடு மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். முதலாளியின் உத்தரவே அதுதான், எல்லோரும் தாமாகப் பார்க்கப் பழக வேண்டும். 'வருவித்தல்' அவருக்குப் புரியவில்லை. அதில் அவர்மேல் குற்றமில்லை, எனக்கே இப்போது புரிவதில்லை. பக்கத்தைப் புரட்டினார். 'கோப்பினை அழித்தல்' கண்ணில் பட்டது. கோப்பின் நாடாவை அவிழ்ப்பது வாழ்நாளெல்லாம் அவர் செய்த வேலை. ஐந்து என்ற எண்ணை அழுத்தச் சொல்லியிருந்தது, அழுத்தினார். கோப்பின் பெயரை அடிக்கச் சொல்லியிருந்தது, அடித்தார். மெஷின் இங்கிலீஷில் உறுதிதானா என்று கேட்டது. கேட்டால் 'ஒய்' எழுத்தை அழுத்துக என்று நான் எழுதியிருந்தேன், அதையும் அழுத்தினார். நான் ஈரப் புடவையோடு உள்ளே நுழைந்தபோது அவர் எழுந்து நின்று நிதானமாகச் சொன்னார். "அழிச்சு நோக்கினேன் மேடம். உள்ள ஒண்ணும் இல்லை."

அந்த வாரமே துறைமுகம் இருக்கும் ஐலண்டிலிருந்து கப்பல் கிளம்ப வேண்டும். எந்த மூட்டையில் என்ன ரகம் என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டு இல்லை. நகல் ஒன்று எடுத்து வைத்திருக்க வேண்டும், அது என் வேலை, எடுக்கவில்லை. முதலாளி எங்கள் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சேட்டன் பதினான்காம் பக்கத்தை விரித்து மேஜையில் வைத்தார். முதலாளி அதைப் படித்துவிட்டு, சேட்டன் என்ன நினைத்துச் செய்தார் என்பதையும் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவன் படிச்சபடி செஞ்சிருக்கான். இந்த வார்த்தையைப் போட்டது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

"நான் நீக்குதல்னுதான் எழுதியிருந்தேன் சார். ஸ்டென்சில்ல மாறியிருக்கு."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. யோசிக்காமல் வந்தது என்பதால் அது சின்னதாகிவிடாது, உள்ளே தயாராக இருந்ததுதானே வெளியே வரும். முதலாளி அக்காவின் பக்கம் திரும்பினார். நான் மெட்ராஸில் படித்தவள், என் பேச்சு சுத்தம். அக்கா வாயைத் திறந்தால் பாதி மலையாளம். இருவரில் தமிழைக் கெடுத்தது யாராயிருக்கும் என்று யோசிக்கவே அவருக்கு அவசியமில்லை, அது எனக்கும் தெரிந்திருந்தது. "மேடம் எழுதிக் கொடுத்த தாள் எங்கம்மா?" என்று கேட்டார். அந்தத் தாள் அக்காவின் மேஜையில் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. எழுதிக் கொடுத்த எதையும் அவர் தூக்கிப் போட்டதில்லை. அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். "காணல, சாரே" என்றார்.

வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த என் அருகில் வந்து நின்றார். நான் நிமிரவில்லை. "குட்டிக்கு ஜோலி போனா, பின்ன அந்த மெஷின்ல ஒரு பொண்ணையும் இருத்த மாட்டாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை, தியாகம் செய்கிற தொனியும் இல்லை. ஒரு காரியத்தைக் கணக்குப் பார்த்து முடித்தவர் போலத்தான் பேசினார். நான் உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொன்னது, "தாங்க்ஸ் அக்கா."

சுறுசுறுப்பைக் காட்டிக்கொள்ள, சேட்டன் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, அதே ஃபிளாப்பியில் அன்று மத்தியானமே மூட்டை விவரங்களை மறுபடி ஏற்றத் தொடங்கினேன். மூன்றாம் நாள் எறணாகுளத்திலிருந்து மெஷின் கம்பெனி இன்ஜினியர் வந்தார். நான் செய்து வைத்திருந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த மெஷின் எதையும் அழிப்பதில்லை என்று விளக்கினார். பெயருக்கும் சரக்குக்கும் நடுவே இருக்கும் கட்டை மட்டும் அவிழ்த்துவிடும், சரக்கு அங்கேயேதான் கிடக்கும், அதன்மேல் வேறு எதையும் எழுதாமல் இருந்தால் மறுபடி கட்டி எடுத்துவிடலாம். நான் எழுதிவிட்டேன். அந்த விஷயம் இங்கிலீஷ் புத்தகத்திலேயே ஒரு பத்தியாக இருந்தது, தமிழில் கொண்டுவரத் தெரியாமல் விட்டிருந்தேன். கட்டு அவிழ்ப்பது என்று அவர் சொன்னதும் அறை வாசலில் நின்ற அக்கா என்னைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் மூவாயிரம் மூட்டைகளையும் கிடங்குப் பெண்கள் ஒவ்வொன்றாக அழித்து, அவர்கள் அர்த்தத்தில் அழித்து, ரகம் பார்த்து, மறுபடி தைத்தார்கள். கப்பல் போய்விட்டது, அடுத்த கப்பலுக்குத்தான் சரக்கு ஏறியது.

கையேடுகளில் பிழைதிருத்தம் ஒட்டச் சொன்னார் முதலாளி. வாசகத்தை நான் எழுதினேன். 'தட்டச்சுப் பிழை' என்று ஆரம்பிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, வெறுமனே 'திருத்தம்' என்று போட்டிருக்கலாம். ஆனால் சொன்ன பொய்க்குக் காகிதத்தில் ஒரு சாட்சி இருந்தால் தேவலை என்று என் புத்தி அன்று வேலை செய்தது. அதை ஸ்டென்சில் அடிக்க வேறு யார் இருக்கிறார்கள்? அக்காவிடம்தான் கொடுத்தேன். அவர் எழுத்துக்கூட்டி வாய்க்குள் படித்தார். 'நீக்குதல்' என்ற இடத்தில் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். "எழுதினபடி அடிச்சாப் போதும்" என்றேன், இந்தத் தடவை கெஞ்சலாக. ஒரு தாளில் அந்த வரி நாற்பது தடவை வர வேண்டும். நாற்பது தடவையும் அடித்தார். திரவப் புட்டி திறக்கப்படவில்லை.

மறுநாள் என் இழுப்பறையில் அந்தக் கையெழுத்துத் தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பென்சில் எழுத்தை ரப்பரால் தேய்த்திருந்தார். சாய்த்துப் பிடித்தால் எழுதிய பள்ளம் மட்டும் தெரிந்தது. எனக்கு முதலில் வந்தது அழுகை என்று எழுத ஆசைதான். வந்தது நிம்மதி. அன்று சாயங்காலம் படகில் ஓரமாக உட்கார்ந்து அதை நாலாகக் கிழித்துக் காயல் தண்ணீரில் போட்டேன். 'அழித்தல்' என்ற சொல்லுக்கு நான் வைத்த அர்த்தத்தில் நான் எதையாவது ஒழுங்காகச் செய்தேன் என்றால் அது அதுதான்.

இரண்டாவது மெஷின் ஓணத்துக்கு வந்தது. பி.காம். படித்த ஒரு பையனை வைத்தார்கள். "அந்தப் பொண்ணுக்குத் தமிழே தகராறு, மெஷினை எப்படி நம்பிக் குடுக்கறது" என்றார் முதலாளி என்னிடம், நான் ஒத்துக்கொள்வேன் என்ற நம்பிக்கையோடு. நான் தலையாட்டினேனா என்று இன்றுவரை நினைவுக்குக் கொண்டுவர முயல்கிறேன். ஆட்டவில்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை. அக்கா அதன்பிறகு சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்கு வரவில்லை. நாலு மாதம் மூட்டைகளுக்கு லேபிள் அடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை வேலையை விட்டுப் போனார்.

மூன்று வருஷம் கழித்து ஒருநாள் தோப்பும்படியில் பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு ஒர்க்‌ஷாப்பின் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போர்டு, ஜன்னலில் அக்கா. "குட்டியா" என்று அவரே கூப்பிட்டு மேலே வரச் சொன்னார். சாயா வரவழைத்தார். பத்துப் பன்னிரண்டு மெஷின்களின் சத்தத்துக்கு நடுவில் அம்மா சுகமா, கல்யாணம் ஆயிற்றா என்றெல்லாம் கேட்டார். மன்னிப்பை நான் படியேறும்போதே வார்த்தை வார்த்தையாக அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். உட்கார்ந்ததும் மழை பிந்துகிறது என்று பேச ஆரம்பித்துவிட்டேன். கிளம்பும்போது அவர்தான் கேட்டார்.

"இப்பளும் அதே வாக்குதானா அந்தப் புஸ்தகத்துல? நீக்கறதுன்னு?"

"ஆமாம் அக்கா."

"இங்க நீக்கறதுன்னா தள்ளி வெக்கறதுல்லே குட்டி? கசேரையை நீக்கிப் போடுங்கறோம், பஸ்ஸுல நீங்கி நில்லுங்கறோம். ஃபைலை வேற எடத்துக்கு மாத்தி வெக்கணும்னு ஒருத்தன் அதை ஞெக்கினா?" கசேரை என்றால் நாற்காலி, ஞெக்கினால் என்றால் அழுத்தினால். விரலால் மேஜையில் அழுத்தியும் காட்டினார். "சீட்டு அடிக்கறப்பவே தோணிச்சு. கேக்கலாம்னு வெச்சேன். பின்ன, வேண்டாம்னு வெச்சேன்."

படியிறங்கி வந்தேன். கொச்சியில் பிறந்து வளர்ந்த எனக்கு மூன்று வருஷமாக அது தோன்றவில்லை. மறுநாளே பதினான்காம் பக்கத்தை முழுதாக மாற்றி எழுதினேன். அவிழ்ப்பது வேறு, நகர்த்துவது வேறு, இல்லாமலாக்குவது வேறு என்று மூன்றையும் கிடங்குப் பேச்சிலேயே விளக்கினேன். வருவித்தலைத் தூக்கிவிட்டுத் திறத்தல் என்று போட்டேன். சேட்டன் படித்துப் பார்த்து, இப்போதுதான் மனுஷர் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். யார் சொன்ன திருத்தம் என்று முதலாளி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நம்ப விரும்புகிறேன். ஆனால் கேட்காமலே சொல்ல எனக்கு வாய் இருந்ததே. தோப்பும்படிக்கு நான் வருஷக்கணக்காக மறுபடி போகவில்லை. பின்னால் ஒருமுறை போனபோது அந்த மாடியில் துணிக்கடை இருந்தது.

கையேட்டை இன்று வெயிலில் வைத்தேன், பூச்சி அரிக்கிறது. சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பியதும் கோந்து விட்டுக்கொடுத்து, அடியில் 'அழித்தல்' அப்படியே தெரிந்தது. மேலே ஒட்டியதையும் கீழே இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டுமே தப்பான சொற்கள், இரண்டுமே நான் எழுதியவை. அக்கா இரண்டையும் எழுதினபடி அடித்திருக்கிறார், ஒரு புள்ளி பிசகவில்லை.